நீச்சல் தடாகத்துக்கு முன்னர் நீச்சல் ஆசிரியைகள்: கல்முனை முதல் அறுகம்பே வரை

2025 மே 6 ஆம் திகதி அயல் சபைகளுக்கெல்லாம் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றபோது, கல்முனை மாநகர சபைக்கு நடைபெறவில்லை. நீதிமன்றத்தில் நிலுவையிலிருந்த வழக்கே அதற்குக் காரணம். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து அச்சபையை அதிகாரிகளே நிர்வகித்து வருகின்றனர். தெற்கே சுமார் எழுபது கிலோமீற்றர் தள்ளி, அறுகம்பே அமைந்திருக்கும் பொத்துவில் பிரதேச சபையில் மக்கள் தெரிவு செய்த புதிய உறுப்பினர்கள் அமர்ந்திருக்கின்றனர். ஒன்றில் பிரதிநிதிகள் இல்லை, மற்றொன்றில் இருக்கின்றனர். ஆனால் இரண்டு ஊர்களிலும் மக்கள் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஓர் இடம், விளையாட ஒரு திடல், முடிந்தால் ஒரு பொது நீச்சல் தடாகம்.

இக்கோரிக்கை நியாயமானது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை ஆகியவற்றில் 2012 குடிசன மதிப்பீட்டின்படியே ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாழ்ந்தனர். கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல்கள். இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வீட்டுக்கு மேல் வீடு கட்டி வாழ்கிறோம். முற்றம் என்ற ஒன்றே பல வீடுகளில் இப்போது இல்லை. பெருநாள் பின்னேரங்களில் சாய்ந்தமருது, மருதமுனைக் கடற்கரைகளில் கால் வைக்க இடமிருக்காது. சனம் போவதற்கு வேறு இடமில்லாததே அதற்குக் காரணம்.

ஆனாலும் தடாகம் பற்றிய பேச்சு நம்மிடையே தொடங்கும் விதம்தான் எனக்குக் கவலை தருகிறது. முதலில் அரசியல்வாதி, பிறகு அடிக்கல், பிறகு படம். அங்கே யார் நீந்துவார்கள், யார் கற்றுக்கொடுப்பார்கள், பெண் பிள்ளைகளுக்கு எந்த நேரம் என்ற கேள்விகள் கொங்கிறீட் காய்ந்த பிறகே எழுகின்றன. அப்போது விடையும் ஏறக்குறைய முடிவாகியிருக்கும்: இளைஞர்கள் பின்னேரங்களில் குளிப்பார்கள், மற்றவர்கள் வேலிக்கு வெளியே நிற்பார்கள்.

அந்த மற்றவர்கள் யார் என்பதை 2004 டிசம்பர் 26 ஆம் திகதி நமக்குக் காட்டியது. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும் கூட. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் இதுதான். அடுத்த ஆண்டு இம்மாவட்டத்தின் கரையோர முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களிடையே ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, 2006 இல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. அக்குடும்பங்களின் ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேரளவில் இறந்திருந்தனர். பெண்களில் அது பதினேழைத் தாண்டியது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்திருந்தது. ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 இல் வெளியிட்ட அறிக்கையும் இதே திசையில் பேசியது: இலங்கையின் ஆண் பிள்ளைகள் சிறுவயதிலேயே நீந்தவும் மரமேறவும் பழகிவிடுகிறார்கள், பெண் பிள்ளைகளுக்கு அது கற்றுக்கொடுக்கப்படுவதில்லை.

சுனாமி அலையை நீந்தி வெல்ல முடியாது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அன்று வீட்டுக்குள் இருந்தவர்களும், பிள்ளைகளைக் கையில் ஏந்தியிருந்தவர்களும், கால்களைச் சுற்றும் ஆடையோடு ஓடியவர்களும் அதிகமாக அகப்பட்டதற்கு நீச்சல் மட்டும் காரணமல்ல. ஆனால் அலை வடிந்த பின்னர் தேங்கிய நீரில் சில நிமிடங்கள் மிதக்கத் தெரிந்திருந்தால், ஒரு மரத்தையோ பலகையையோ எட்டிப் பிடிக்கும் வரை தலையை நீருக்கு மேல் வைத்திருக்கத் தெரிந்திருந்தால், சில வீடுகளின் கதை வேறாக இருந்திருக்கும். இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அன்று பிறந்த பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். அவர்களில் பெண் பிள்ளைகள் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று நம்மை நாமே கேட்டுப் பார்ப்போம்.

சுனாமி தலைமுறைக்கு ஒருமுறை வரலாம். வெள்ளம் ஆண்டுதோறும் வருகிறது. 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. விடுமுறையில் சம்மாந்துறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் ஆறு பேர் உட்பட எட்டுப் பேர் வபாத்தானார்கள். அந்த நாட்களில் இப்பிரதேசத்தில் அழாத வீடில்லை. அந்த நீரோட்டத்தில் நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவரும் தப்பியிருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆயினும் நீர்ப் பாதுகாப்புக் கல்வி என்பது கையையும் காலையும் அடிப்பதோடு முடிவதில்லை. ஓடும் வெள்ளத்தின் ஆழத்தைக் கண்ணால் அளக்க முடியாது, முழங்கால் அளவு நீரே ஆளைச் சாய்த்துவிடும், வாகனம் மிதக்கத் தொடங்கினால் சாரதியின் கையில் எதுவும் இல்லை என்பவையும் அக்கல்வியின் பாடங்களே. தண்ணீரைப் படித்த பிள்ளை தண்ணீருக்குப் பயப்படவும் கற்றுக்கொள்ளும்.

நம் பாடசாலைகள் இதில் என்ன செய்கின்றன? நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் நீச்சலின் நான்கு வகைகளையும் கரும்பலகையில் வரைந்து படித்தோம். கை எங்கே திரும்ப வேண்டும், மூச்சை எப்போது எடுக்க வேண்டும் என்பதெல்லாம் இன்றும் நினைவிருக்கிறது. பயிற்சி முடியும் வரை ஒரு நாளாவது தண்ணீரில் இறங்கவில்லை. கலாசாலையிலிருந்து கடல் நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. இன்று என் வகுப்பில் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' பாடம் நடக்கும்போதும் அதே கரும்பலகைதான். நீந்தத் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று ஒருமுறை கேட்டேன். கரைவலைக்காரர் வீட்டுப் பையன்கள் பெருமையோடு கையை உயர்த்தினார்கள். பெண் பிள்ளைகள் பக்கத்தில் சிரிப்பு மட்டும்தான் எழுந்தது.

ஆகவே பொது நீச்சல் தடாகம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எப்படிப்பட்ட தடாகம் என்பதில்தான் பேச்சு.

மேடைகளில் சொல்லப்படுவது பெரும்பாலும் 'சர்வதேசத் தரத்திலான' தடாகம். அதாவது 50 மீற்றர் நீளம், 25 மீற்றர் அகலம், குறைந்தது 2 மீற்றர் ஆழம். கணக்குப் போட்டால் 25 இலட்சம் லீற்றர் நீர். கொழும்பு சுகததாச விளையாட்டுத் தொகுதியில் அப்படியொரு தடாகம் இருப்பதில் நியாயம் உண்டு, தேசியப் போட்டிகள் அங்கே நடக்கின்றன. நமக்கு முதலில் வேண்டியது போட்டியல்ல, பாடம். 25 மீற்றர் நீளமும் 12.5 மீற்றர் அகலமும் சராசரியாக 1.2 மீற்றர் ஆழமும் கொண்ட ஒரு தடாகத்துக்கு 3 இலட்சத்து 75 ஆயிரம் லீற்றர் போதும். பெரியதோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. எட்டு வயதுப் பிள்ளை ஆழம் குறைந்த பகுதியில் நிலத்தில் கால் ஊன்றி நிற்கும். கால் ஊன்ற முடிந்தால்தான் பயம் போகும், பயம் போனால்தான் மிதக்க வரும்.

இந்த வேறுபாடு கட்டும் செலவோடு முடிவதில்லை. தடாகம் என்பது ஒருமுறை கட்டிவிட்டுப் போகும் மண்டபம் அல்ல. அதன் நீரைப் பம்பிகள் நாள்தோறும் வடிகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குளோரீன் அளவையும் அமிலத்தன்மையையும் ஒருவர் நாளொன்றுக்குப் பலமுறை பரிசோதிக்க வேண்டும். தவறினால் கண்ணெரிவும் தோல் நோயும் வயிற்றோட்டமும்தான் மிச்சம். கடற்காற்றில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதை நம் வீட்டு யன்னல் கம்பிகளே சொல்லும். 2022 இல் மின்வெட்டும் அதன் பின்னர் உயர்ந்த மின்கட்டணமும் சபைகளின் கையைச் சுட்டதை மறந்துவிட முடியாது. 25 இலட்சம் லீற்றரைச் சுத்தமாக வைத்திருக்க முடியாத சபை அதைப் பூட்டிவிடும். பூட்டிய தடாகம் ஆறு மாதத்தில் நுளம்புக் குளம். சாய்ந்தமருதுத் தோணாவைப் பற்றி நாம் எத்தனை ஆண்டுகளாகப் பேசுகிறோம்? ஊருக்குள் இயற்கையாகவே கிடைத்த நீர்நிலையைக் குப்பையிலிருந்து காப்பாற்ற முடியாமல் தவிக்கும் நாம், செயற்கையாக ஒன்றை அமைக்கும்போது பராமரிப்பை முதல் வரியில் எழுத வேண்டும்.

சரி, தடாகம் வரும் வரை என்ன செய்வது? தடாகத்தில் இருந்துதான் நீச்சல் தொடங்கும் என்ற எண்ணம் உலகத்தில் பல இடங்களில் பொய்யாகியிருக்கிறது. பங்களாதேஷில் கிராமத்துக் குளங்களிலேயே மூங்கிலால் மேடையும் வேலியும் கட்டி, பிள்ளை ஆழத்துக்குப் போகாதபடி செய்து, பயிற்றப்பட்ட உள்ளூர் இளைஞர்களும் யுவதிகளும் நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள். கற்ற பிள்ளைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது தொண்ணூறு வீதத்துக்கும் மேல் குறைந்ததாக ஆய்வு கண்டது. 2022 இல் அந்நாட்டு அரசாங்கம் அதைத் தேசியத் திட்டமாகவே ஏற்றுக்கொண்டது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சான்சிபார் தீவின் நுங்வி கிராமத்தில் 'பன்ஜே' என்ற திட்டம் பெண் பிள்ளைகளுக்கு, உடலை முழுதாக மறைக்கும் நீச்சலுடையில், கடலிலேயே பயிற்சி கொடுத்தது. வெறும் பிளாஸ்டிக் கேன்களே அவர்களுக்கு மிதவை. அப்பிள்ளைகளின் படங்கள் உலகப் பத்திரிகைப் படப்போட்டியில் பரிசும் பெற்றன.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நம் நாட்டின் தென்கரையில், சுனாமியில் பெண்கள் அதிகம் இறந்ததைக் கண்டு பிரித்தானிய நீச்சல் ஆசிரியை கிறிஸ்டினா ஃபொன்ஃபே ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பெண்களுக்கு இலவசமாக, பெண்களே கற்றுக்கொடுப்பது அதன் அடிப்படை. கற்றுக்கொண்ட இலங்கைப் பெண்கள் பிறகு ஆசிரியைகளானார்கள். தனக்கென விளையாட்டரங்கு எதுவும் இல்லாமலே ஆயிரக்கணக்கான பெண்களை அத்திட்டம் நீந்த வைத்தது. அதே அலையில் அதைவிட அதிகம் இழந்த நம் கரையில் அதுபோல ஒன்று வேரூன்றவில்லை. இதற்கு வெளியாரைக் குறை சொல்ல முடியாது. நாம் கேட்கவில்லை.

இனி அறுகம்பேக்கு வருவோம். உல்லை என்று நாம் அழைக்கும் அந்தக் கரைக்கு ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை உலகின் பல திசைகளிலிருந்தும் அலைச்சறுக்கு விளையாடுவோர் வருகிறார்கள். 2024 ஒக்டோபரில் பாதுகாப்பு எச்சரிக்கை வெளியானபோது அந்தச் சிறிய கடற்கரையின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. அது முதல் அங்கே யார் வருகிறார்கள், எதை உடுத்துகிறார்கள் என்பது பற்றி நம் இணையப் பக்கங்களில் எழுதப்படாத நாளில்லை. எழுதட்டும், ஊரின் கலாசாரத்தைப் பற்றிக் கவலைப்படும் உரிமை ஊருக்கு உண்டு. ஆனால் பொத்துவிலில் பிறந்த ஒரு பெண் பிள்ளை அதே கடலில் முழங்கால் நனைய நின்று அடுத்தவர் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

பையன்களின் நிலை வேறு. பொத்துவில், பாணமைப் பக்கத்து இளைஞர்கள் பலர் அலைச்சறுக்குப் பயிற்றுநர்களாகி அதிலேயே குடும்பத்தை நடத்துகிறார்கள். 2018 இல் அறுகம்பேயில் பெண்களுக்கென அலைச்சறுக்குக் கழகம் ஒன்றும் தொடங்கப்பட்டது, நாட்டிலேயே அவ்வகையில் முதலாவது அது. தொடங்கிய பெண்கள் ஊரின் முணுமுணுப்பையும் வீட்டின் தடையையும் தாண்டியே கடலில் இறங்கினார்கள். அலைச்சறுக்கை நம் பிள்ளைகளுக்கு விரும்பாத பெற்றோர் இருக்கலாம். அது அவர்களின் விருப்பம். ஆனால் நீச்சலை அதோடு சேர்த்து ஒதுக்கியதுதான் விபரீதம். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதை மார்க்கம் ஊக்குவித்திருக்கிறது என்று ஜும்ஆக்களில் கேட்டுத்தானே நாம் வளர்ந்தோம்? அந்தப் பிள்ளைகளில் பாதி பெண் பிள்ளைகள் என்பதை எங்கே விட்டோம் என்று தெரியவில்லை.

பெற்றோருடன் பேசிப் பார்த்தால் எதிர்ப்பு நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. "அனுப்ப விருப்பம்தான் சேர், ஆனா ஆரு படிச்சிக் குடுக்கிற? ஆக்கள் பார்க்காத இடம் எங்க இருக்கு?" என்று ஒரு மாணவியின் உம்மா கேட்டார். இரண்டும் மார்க்கக் கேள்விகள் அல்ல, நிர்வாகக் கேள்விகள். உயரமான மதில், உடை மாற்றும் அறைக்குத் தனி வாசல், பெண் ஆசிரியை, பெண் உயிர்காப்பாளர், அச்சடித்து ஒட்டிய நேர அட்டவணை. இவ்வளவுதான் அந்த உம்மா கேட்கும் விடை. பிரித்தானியாவின் பொதுத் தடாகங்கள் பலவற்றில் பெண்களுக்கு மட்டுமான நேரம் ஒதுக்கப்படுவது வழமையான ஏற்பாடு. அங்கே முடிவது இங்கே முடியாமல் போக நியாயமில்லை.

இதில் வரிசை முக்கியம். மதிலும் வாசலும் வரைபடத்திலேயே வர வேண்டும், பின்னர் தகரம் அடித்து மறைப்பது சரிவராது. ஆசிரியையை உருவாக்கக் கட்டடத்தைவிட அதிக காலம் எடுக்கும். இருபது வயது யுவதிகள் பத்துப் பேரைத் தெரிவு செய்து, முதலில் அவர்களை நீந்த வைத்து, பிறகு கற்பிக்கப் பழக்கி, உயிர்காப்புப் பயிற்சியும் கொடுக்க ஓரிரண்டு ஆண்டுகள் பிடிக்கும். உயிர்காப்புப் பயிற்சியை அளிக்க இலங்கை உயிர்காப்புச் சங்கமும் கடலோரப் பாதுகாப்புத் திணைக்களமும் இருக்கின்றன. இன்றே தொடங்கினால்தான் தடாகம் திறக்கும் நாளில் அவர்கள் நிற்பார்கள்.

அந்தப் பத்துப் பேரும் எங்கே பழகுவது? அறுகம்பே ஹோட்டல்கள் சிலவற்றில் ஏற்கனவே தடாகங்கள் இருக்கின்றன. பருவம் ஓய்ந்த வாரங்களில் அவை பெரும்பாலும் சும்மா கிடக்கின்றன. அந்த ஹோட்டல்கள் பிரதேச சபையிடம் அனுமதிப்பத்திரம் பெற்றே தொழில் நடத்துகின்றன. வாரத்தில் இரண்டு காலைப் பொழுதுகளை, வெளியார் எவரும் உள்ளே வராத ஏற்பாட்டோடு, ஊர்ப் பெண்களின் பயிற்சிக்கு ஒதுக்கித் தாருங்கள் என்று தவிசாளர் கேட்டால் மறுக்கும் உரிமையாளர் குறைவு. ஊரோடு நல்லுறவு அவர்களுக்கும் தேவை.

கல்முனைக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது: எங்கே? சுனாமிக்குப் பின்னர் கரையோரத்தில் வீடு கட்டத் தடை வந்து, கிழக்கில் முதலில் 200 மீற்றர் என்று அறிவிக்கப்பட்டு, பிறகு தளர்த்தப்பட்டது. '65 மீற்றர்' என்ற சொல் இன்றும் நம் ஊர்களில் ஒரு முகவரி போலவே புழங்குகிறது. வீடுகள் போன அந்த வெற்று நிலத்தில்தான் பூங்காக்கள் வந்தன, அடுத்த திட்டத்துக்கும் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். என் கருத்தில் கற்பிக்கும் தடாகம் கடற்கரையில் வேண்டாம். உப்புக்காற்று ஒரு காரணம், அலை இன்னொன்று, திறந்த வெளியில் மறைப்புக் கிடைக்காதது மூன்றாவது. கடலோரம் நடக்கவும் உட்காரவும் பந்தடிக்கவும் இருக்கட்டும். தடாகம் பாடசாலைகளுக்கு நடுவே, சந்தாங்கேணி மைதானம் போன்ற ஏற்கனவே பொதுவில் உள்ள ஒரு வளாகத்தோடு சேர்ந்து வருவதே நல்லது. தமிழ் மாணவிகளும் முஸ்லிம் மாணவிகளும் ஒரே வாசலால் வந்துபோகக்கூடிய இடமாக அது அமைய வேண்டும். பிரதேச செயலகம், தனிச் சபை என்று இந்த நகரம் பிரிந்து நின்று வாதாடிய ஆண்டுகள் போதும். பாண்டிருப்பு உம்மாவும் அம்மாவும் சாய்ந்தமருது உம்மாவும் பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கரையில் ஒரே வாங்கில் உட்கார்ந்திருப்பதை நான் பார்க்க விரும்புகிறேன்.

கடலை எதிர்த்துக் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒலுவில் நம் கண் முன்னே இருக்கிறது. 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயை மணல் மூடியது. அதற்கு வடக்கே கரை அரிக்கப்பட்டு மக்களின் காணியும் தென்னைகளும் கடலுக்குள் போயின. அங்கே திட்டமிட்டவர்கள் மீனவர்களிடம் மணல் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டிருந்தாலே பாதி விடை கிடைத்திருக்கும். தடாகத்தைத் திட்டமிடுபவர்கள் உம்மாமாரிடமும் உடற்கல்வி ஆசிரியைகளிடமும் கேட்க வேண்டியதும் அதே வகைக் கேள்விதான்.

சபைகள் அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தை ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்ற வேண்டும். பொத்துவிலில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நேரில் கேட்கலாம். கல்முனையில் ஆணையாளருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் பாடசாலை அபிவிருத்திக் குழுக்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கூட்டாகக் கடிதம் எழுதலாம். கோடிக்கணக்கில் எதுவும் கேட்கத் தேவையில்லை. பத்து யுவதிகளின் பயிற்சிக் கொடுப்பனவு, போக்குவரத்துக்கு ஒரு வாகனம், கயிறும் மிதவையும் முழுநீள நீச்சலுடையும். முதல் ஆண்டுக்கு இந்த ஒரு வரி அத்திட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று அவர்களிடமே கேட்போம்.